வக்கீல் பார்த்துக்கொள்ள மாட்டார்

போன மாதம் காவேரிப்பட்டினத்தில் ஒரு கருமாதி. பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது உறவுக்காரர் ஒருவர் சொன்னார்: "உயில்ல வக்கீல் பேரையும் சேர்த்துப் போட்டிருக்காரில்ல, இனி எல்லாம் அவரே பார்த்துக்குவாரு. நாம கையெழுத்து போட்டாப் போதும்." சுற்றியிருந்த தலைகளெல்லாம் ஆடின. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எந்த வக்கீல், எங்கே பார்த்துக்கொண்டார்? என் பெரியப்பா உயிலிலும் இதே ஏற்பாடுதான்: பெரியம்மாவும் வக்கீலும் சேர்ந்து நிறைவேற்ற வேண்டும். வக்கீல் இன்றைக்கு ஓசூர் கோர்ட், நாளைக்கு பெங்களூரு. ஐந்தாம் வகுப்போடு நின்ற பெரியம்மாதான் இறப்புச் சான்றிதழையும் வில்லங்கச் சான்றையும் பையில் போட்டுக்கொண்டு கிருஷ்ணகிரி தாலுகா ஆபீஸ் படியேறினார். பட்டாவை மாற்றினார். பேங்க் லாக்கரைத் திறக்க வைத்தார். பெங்களூரா மாங்காய் எடுத்த மண்டிக்காரர் வைத்திருந்த பாக்கியைத் திண்ணையில் உட்கார்ந்து வாங்கினார்.

அந்தப் பாக்கி சின்ன விஷயமில்லை. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-ஐ எடுத்து 369ஆம் பிரிவைப் பாருங்கள். வர வேண்டியதை வசூலிக்காமல் விட்டு நஷ்டமானால், உயிலை நிறைவேற்றுபவர்தான் ஈடுகட்ட வேண்டும். சாதாரணக் கடனுக்குக் காலக்கெடு மூன்று வருடம். வக்கீல் அடுத்த வாரம் வரச் சொல்லிக்கொண்டே இருப்பார். மூன்று வருடம் ஓடிவிடும். பெயரைச் சேர்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவரும் அப்போது பதில் சொல்லியாக வேண்டும். பெரியம்மாவுக்கு இந்தப் பிரிவெல்லாம் தெரியாது. கடன் என்றால் கேட்க வேண்டும் என்று தெரியும்.

சட்டம் நமக்குப் புரியாது என்பது அடுத்த சாக்கு. உயில் என்றாலே புரொபேட் (உயில் செல்லும் என்று கோர்ட் தரும் சான்று), புரொபேட் என்றாலே வக்கீல் என்று மிரட்டுகிறார்கள். காவேரிப்பட்டினத்துக்காரர், அதுவும் இந்து, இங்கேயே உட்கார்ந்து இங்குள்ள தோப்புக்கு எழுதிய உயிலுக்குப் புரொபேட் கட்டாயமில்லை. சென்னை, மும்பை, கொல்கத்தா நகர எல்லைகளுக்கென்று இருந்த விதியைச் சொல்லித்தான் தென்பெண்ணைக் கரையில் ஆட்களைப் பயமுறுத்துகிறார்கள். உயிலைப் பதிவுசெய்வதுகூடக் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் முறைப்படி கையெழுத்திட்டிருக்க வேண்டும். வழக்கு வந்தால் வக்கீலிடம் போங்கள், நானும் போவேன். பட்டா மாற்ற எதற்கு?

இதில் பங்கு பேசுகிற வக்கீல்கள் வேறு. சொத்து கைக்கு வந்ததும் நூற்றுக்கு இவ்வளவு என்கிறார்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைப்பதில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சில் விதிகளே தடுக்கின்றன. ஃபீஸ் பாக்கி என்று கட்டுகளைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் எத்தனை வீட்டு மூலப் பத்திரம் இன்னும் வக்கீல் ஆபீஸ் பீரோவில் தூங்குகிறது! பெரியம்மா ஒரு மூலப் பத்திரத்தைக்கூடக் கையை விட்டுக் கொடுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் நகல்தான்.

செத்தவர் எழுதிக்கொடுத்த பவரை வைத்துக்கொண்டு மனை விற்கப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். எழுதிக்கொடுத்தவர் இறந்தால் சாதாரணப் பவர் அத்தோடு முடிந்தது. ஓசூர்ப் பக்கம் நிலத்தின் விலை ஏறியதிலிருந்து இந்தக் கூத்து கூடிவிட்டது.

ஆண்பிள்ளைகள் "வக்கீல் பார்த்துக்குவார்" என்று சொல்லும்போது எனக்குக் கூடுதலாகக் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. உயில் இல்லாத தகப்பன் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்பது 1956-லேயே வந்த சட்டம். பூர்வீகச் சொத்திலும் 2005-லிருந்து மகனுக்கு உள்ள உரிமை மகளுக்கும் உண்டு. ஆனால் துக்கம் ஆறுமுன் அக்கா தங்கைகள் முன்னால், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் நீட்டப்படுகிறது. படிக்க வேண்டாம், வக்கீல் பார்த்துவிட்டார் என்கிறார்கள். யாருக்காகப் பார்த்தார்? வக்கீலைப் பிடித்தது அண்ணன். கேள்வி கேட்டால் அவர் அண்ணனுக்குத்தான் பதில் சொல்வார். ஃபீஸ் மட்டும் பொதுச் சொத்திலிருந்து போகிறது.