சாவி யாரிடம்?

சென்னை மாநகரின் போக்குவரத்துக்கு ஒரு தலைமை வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். செய்த ஆண்டு 2010. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த ஆண்டு 2019. சட்டப்படி அமைந்த 'சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம்' முதன் முதலாகக் கூடிப் பேசியது 2022 நவம்பரில். சட்டமன்றத்தில் நிறைவேற்றிய நாள் முதல் நாற்காலி போட்டு அமர்ந்த நாள் வரை பன்னிரண்டு ஆண்டுகள்! அதற்குள் ஆட்சிகள் மாறின, அமைச்சர்கள் மாறினர், மெட்ரோ ரெயிலும் 2015-ல் ஓடத் தொடங்கிற்று. கூடாமலே இருந்தது குழுமம் ஒன்றுதான்.

பத்து இலட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் இப்படியோர் அமைப்பு வேண்டும் என்று 2006-ம் ஆண்டிலேயே மத்திய அரசின் நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை எழுதி வைத்தது. யாரும் பதறவில்லை. 2017-ல் மெட்ரோ ரெயில் கொள்கை வந்தது. மத்திய நிதி வேண்டுமானால் இந்த அமைப்பு இருந்தாக வேண்டும் என்றது. 2019-ல் சென்னைச் சட்டம் கண் விழித்துக் கொண்டது. இரண்டுக்கும் உறவு உண்டா, இல்லையா என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விட்டு விடுகிறோம்.

குழுமம் கூடிய பிறகு ஒன்றுமே நடக்கவில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். 2048 வரைக்குமான போக்குவரத்துத் திட்டம் ஒன்றை வகுத்தனர். பஸ், மெட்ரோ, புறநகர் ரெயில் ஆகிய மூன்றுக்கும் கைபேசியில் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்கும் 'சென்னை ஒன்' செயலி 2025 செப்டம்பரில் வந்தது. நல்லது. நல்லதை நல்லது என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை. ஆனால் நாம் எழுப்பும் கேள்வி வேறு. அந்தக் குழுமத்தின் கையில் பணப்பெட்டியின் சாவி இருக்கிறதா?

கோட்டைக்குள் நுழைந்து பாருங்கள். பஸ் ஓட்டும் மாநகர்ப் போக்குவரத்துக் கழகம் போக்குவரத்துத் துறையின் கீழ். மெட்ரோ ரெயில், மத்திய அரசும் மாநில அரசும் சரி பாதி பங்கு கொண்ட கம்பெனி. அதற்குக் கோட்டையில் வேறு துறை. பஸ் நிலையங்களைக் கட்டும் பெருநகர வளர்ச்சிக் குழுமம் வீட்டு வசதித் துறையின் கீழ். நடைபாதையும் நிழற்குடையும் மாநகராட்சியுடையவை. அதற்கு நகராட்சி நிர்வாகத் துறை. பெருஞ்சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு. சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் போலீசுக்கு, போலீஸ் உள்துறைக்கு. புறநகர் ரெயிலோ, இத்தனை துறைக்கும் எட்டாத தில்லிக்கு! ஒரு பஸ் நிறுத்தத்தை நூறு அடி தள்ளி வைக்க வேண்டுமானாலும் காகிதம் எத்தனை மேசைகளைத் தொட்டு வர வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு துறைக்கும் தனி வரவு செலவு, தனிக் கடன், தனி டெண்டர், தனித் திறப்பு விழா. இத்தனை பேரையும் ஒருங்கிணைக்கப் பிறந்த குழுமம், 'தயவு செய்து' என்று கடிதம் எழுதும் நிலையில் இருந்தால், அதன் பெயர் எவ்வளவு நீளமாக இருந்தென்ன?

கிளாம்பாக்கத்தை எடுத்துக் கொள்வோம். 2023 டிசம்பர் 30-ல் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் அங்கே திறக்கப்பட்டது. ஏறத்தாழ 400 கோடி ரூபாய்ச் செலவு. 88 ஏக்கர் நிலம். கட்டடத்தைக் குறை சொல்ல நாம் வரவில்லை. தென் மாவட்டத்துப் பஸ்கள் நகருக்குள் புகுந்து நெரிசலை ஏற்படுத்தாமல், நகரின் வாசலிலேயே நிற்க வேண்டும் என்ற நோக்கத்தையும் குறை சொல்ல மாட்டோம். ஆனால் மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் விடியற்காலையில் மூட்டை முடிச்சோடு வந்து இறங்குகிறவர் அங்கேயேவா குடியிருக்கப் போகிறார்? பழைய கோயம்பேட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர் அளவில் தள்ளியிருக்கும் இடம் அது. எதிரிலேயே போகிறது செங்கற்பட்டு ரெயில் பாதை. நாடு விடுதலை பெறுவதற்கு முன்பிருந்தே அங்கே கிடக்கும் தண்டவாளம் அது, நேற்று முளைத்ததல்ல. ஆனால் முனையம் திறந்த நாளில் அந்த இடத்தில் ரெயில் நிற்க ஒரு நிலையம் கிடையாது. ஒரு பக்கம் வண்டலூர், மறு பக்கம் ஊரப்பாக்கம், நடுவிலே பெருஞ்சாலை, சாலைக்கு இப்பால் பஸ் முனையம், அப்பால் நிற்காமல் ஓடும் ரெயில்!

முனையத்தைக் கட்டியவர் ஒருவர், பஸ் விடுபவர் இன்னொருவர், ரெயிலை நிறுத்த வேண்டியவர் மூன்றாமவர், மெட்ரோவை விமான நிலையத்திலிருந்து நீட்ட வேண்டியவர் நான்காமவர். நால்வரும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று கட்டளையிடும் ஐந்தாமவர் யாரும் இல்லை. விளைவு? 2024 பிப்ரவரியில், ஊர் செல்லப் பஸ் கிடைக்காத பயணிகள் நள்ளிரவில் மறியல் செய்தார்கள். மறியல் செய்தவர்கள் கட்சிக்காரர்கள் அல்லர். கையிலே குழந்தையும் பையுமாக நின்ற மக்கள்.

புதிய இடம், போகப் போகச் சரியாகும் என்பார்கள். நாம் ஒப்புக் கொண்டிருப்போம், இது முதல் தடவையாக இருந்தால்! கோயம்பேடு முனையம் திறந்தது 2002-ல். ரெயில் அங்கே எட்டிப் பார்த்தது 2015-ல். பதின்மூன்று ஆண்டுகள் அந்த வட்டாரம் ஆட்டோக்காரரோடு பேரம் பேசியே பொழுது விடிந்தது. அடுத்தது மாதவரம், 2018-ல் பஸ் முனையம் வந்தது, ரெயில் உடன் வரவில்லை. மூன்றாவது கிளாம்பாக்கம். மூன்று முறையும் முதலில் கட்டடம், பிறகு நாடா வெட்டு, அதற்குப் பிறகு, 'பயணி எப்படி வருவார்?' என்ற ஆராய்ச்சி. இடையில் ஆண்டது ஒரே கட்சியன்று. ஆகவே இதை ஓர் ஆட்சியின் குற்றம் என்று ஒதுக்கி விட முடியாது. அமைப்பே அப்படி.

கட்டணத்துக்கு வருவோம். கூடுவாஞ்சேரிக்கு உட்புறத்தில் குடியிருந்து, அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் தொழிலாளி ஒருவரின் வழியைக் கணக்கிட்டுப் பார்ப்போம். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஒரு பஸ். ஸ்டேஷனிலிருந்து பரங்கிமலைக்குப் புறநகர் ரெயில். பரங்கிமலையில் இறங்கி, மெட்ரோ ஏறிக் கோயம்பேடு. கோயம்பேட்டிலிருந்து மீண்டும் பஸ். நான்கு வண்டி, நான்கிலும் முதல் கிலோமீட்டரிலிருந்து புதிதாகக் கட்டணம்! தூரம் கூடக் கூடக் கிலோமீட்டருக்கு விழும் கட்டணம் குறைந்து கொண்டு போவதுதான் எந்தக் கட்டண அட்டவணைக்கும் இயல்பு. அந்தச் சலுகை, நெடுந்தூரம் செல்லும் இந்த மனிதருக்குக் கிடைக்காது. ஏனென்றால் சர்க்காரின் கணக்கில் அவர் ஒரு பயணியல்ல, நான்கு பயணிகள். ஆரம்பக் கட்டணம் பஸ்ஸில் 5 ரூபாய், ரெயிலில் 5 ரூபாய், மெட்ரோவில் 10 ரூபாய் என்று நான்கு இடத்திலும் அவர் பை திறக்க வேண்டும். 'சென்னை ஒன்' வந்தபோது நான்கு டிக்கெட்டுகளையும் ஒரே திரையில் காட்டிற்று. நான்கு கட்டணத்தை ஒன்றாக்கவில்லை. பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பஸ்களில் இலவசப் பயணம் 2021-ல் வந்தது. வரவேற்றோம். அந்தச் சலுகையும் ரெயில் மேடையில் கால் வைத்ததும் நின்று போயிற்று. ரெயில் வேறு ஒருவருடையது அல்லவா!

'இதெல்லாம் இந்தியாவில் நடக்கிற காரியமா?' என்று தோளைக் குலுக்குவோர் உண்டு. ஜெர்மனியிலே ஹாம்பர்க் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அங்கேயும் இதே தொல்லைதான். சுரங்க ரெயில் ஒருவருடையது, பஸ் இன்னொருவருடையது, ஆற்றுப் படகு வேறொருவருடையது, புறநகர் ரெயில் அந்நாட்டுத் தேசிய ரெயில்வேக்குச் சொந்தம். 1965-ல் அவர்களெல்லாம் ஒரு கூட்டமைப்பிலே கையெழுத்திட்டார்கள். அவரவர் வண்டி அவரவருக்கே. அவரவர் தொழிலாளரும் அவரவருக்கே. ஆனால் கால அட்டவணை ஒன்று, கட்டணம் ஒன்று, வசூலான பணத்தைப் பங்கிடும் கணக்கு ஒன்று. கவனிக்க வேண்டியது இது: நாடு முழுவதும் ரெயில் ஓட்டிய தேசிய ரெயில்வே, ஒரு நகரத்தின் மேசைக்கு வந்து மற்றவரோடு சமமாக உட்கார்ந்தது. கௌரவம் குறைந்து விட்டதாக அழவில்லை.

இங்கே? ரெயில்வே மத்தியப் பட்டியலில் உள்ள பொருள். மாநிலச் சட்டமன்றம் செய்த சட்டம் ரெயில்வேயைக் கூட்டத்துக்கு அழைக்கலாம், கட்டளையிட முடியாது. தாம்பரம் பாதையில் காலையில் எத்தனை வண்டி, எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி என்பதைச் சென்னை மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட எவரும் முடிவு செய்வதில்லை. பறக்கும் ரெயிலைப் பாருங்கள். மாநிலத்தின் பணமும் பெருமளவு சேர்ந்து, 2007-ல் வேளச்சேரி வரை வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு 5 கிலோமீட்டர். 2008-ல் தொடங்கிய வேலை. கடைசி அரைக் கிலோமீட்டரில் நில வழக்கு என்று நின்றது. 2024 முடிந்த பின்னும் அந்த 5 கிலோமீட்டரில் பயணி ஏறிய பாடில்லை. நடந்தே போயிருந்தால் ஒரு மணி நேரம். அந்த ரெயிலை மெட்ரோவிடம் ஒப்படைக்கும் பேச்சு ஆண்டுக் கணக்கில் இழுத்து, ரெயில்வே வாரியம் கொள்கை அளவில் இசைந்தது 2025-ல்தான்.

மெட்ரோவின் இரண்டாம் கட்டக் கதையும் இதே இலட்சணம். 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். 2020 நவம்பரில் மத்திய உள்துறை அமைச்சரே வந்து அடிக்கல் நாட்டினார். மத்திய அமைச்சரவை ஒப்புதல் கிடைத்த நாள் 2024 அக்டோபர் 3. அடிக்கல்லுக்கும் ஒப்புதலுக்கும் இடையே நான்கு ஆண்டு. அந்த நான்கு ஆண்டும் சுமை மாநிலத்தின் தலையில். ஒரு மாநகரின் உள்ளூர்ப் பயணத்துக்குத் தில்லியின் கையொப்பம் இத்தனை அவசியமா? மாநகர எல்லைக்குள் ஓடும் புறநகர் ரெயிலின் அட்டவணையும் கட்டணமும், ஒப்பந்த அடிப்படையிலாவது, மாநகரக் குழுமத்தின் பொறுப்பில் வரத்தான் வேண்டும். லண்டனில் 2007-ல் புறநகர் ரெயில் தடங்கள் சிலவற்றை நகரத்தின் போக்குவரத்து அமைப்பிடமே கொடுத்தார்கள். இங்கிலாந்து இரண்டாக உடைந்து போகவில்லை.

சரி, சாவியை அதிகாரிகள் குழுமத்தின் கையிலே கொடுத்து விட்டால் போதுமா? போதாது என்பதே நம் எண்ணம். 1992-ல் நிறைவேறிய 74-வது அரசியல் சட்டத் திருத்தம், பெருநகரத் திட்டக் குழு என்று ஒன்றைச் சொல்கிறது, 243-இசட்.இ. என்பது அதன் பிரிவு. அதன் உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள், அந்தப் பகுதியின் நகராட்சி உறுப்பினர்களாலும் ஊராட்சித் தலைவர்களாலும் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்கிறது. 2022-ல் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக ஒரே அரசாணையில் விரித்தார்கள். அரக்கோணம் பக்கத்துச் சிற்றூரும் இப்போது பெருநகரம். மாநகர்க் கழகத்தின் பஸ்களோ மூவாயிரத்துச் சொச்சம். எந்த ஊருக்குப் பஸ் முதலில், எந்த ஊருக்குப் பிறகு என்ற பங்கீட்டைக் கோட்டையில் உட்கார்ந்து வரைபடத்தில் கோடு போட்டு முடிவு செய்வதா? தாம்பரம், ஆவடி மாநகராட்சிகளின் மேயர்களும், திருவள்ளூர், செங்கற்பட்டுச் சிற்றூர்த் தலைவர்களின் பிரதிநிதிகளும் அந்த மேசையில் வாக்குரிமையோடு அமர வேண்டும். பஸ் வராத ஊரின் தலைவருக்குத்தான் பஸ் வராததன் அருமை தெரியும்.

தொழிலாளர் தரப்பில் ஓர் அச்சம் இருக்கிறது. அது நியாயமான அச்சம். ஒருங்கிணைப்பு என்ற போர்வையில், நட்டக் கணக்கைக் காட்டிப் போக்குவரத்துக் கழகத்தைத் தனியார் கையில் துண்டு துண்டாகக் கொடுத்து விடுவார்களோ என்பது. 1972-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகமாகத் தொடங்கி இந்நகரைச் சுமந்தவர்கள் அந்த ஓட்டுநர்களும் நடத்துநர்களும். ஹாம்பர்க் ஏற்பாட்டில் எவருடைய வண்டியும் பறிபோகவில்லை என்பதை அதனால்தான் அழுத்திச் சொன்னோம். மேலும், மெட்ரோவின் கடனும் நட்டமும் 'வளர்ச்சி', பஸ்ஸின் நட்டம் மட்டும் 'சுமை' என்று பேசும் இரட்டை நாக்கு ஒழிய வேண்டுமானால், இரண்டு கணக்கும் ஒரே ஏட்டில் வர வேண்டும். அப்போது தெரியும், ஒரு கோடி ரூபாயில் எந்த வண்டி எத்தனை ஏழைகளை ஏற்றிச் செல்கிறது என்பது.

'துறைகள் தம் அதிகாரத்தை விட்டுக் கொடுக்க மாட்டா' என்கிறார்கள் விவரம் அறிந்தவர்கள். உண்மைதான். எந்தத் துறைதான் தானாக விட்டுக் கொடுத்தது? 2010-ம் ஆண்டுச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டு வரட்டும். பெருநகர எல்லைக்குள் பஸ், மெட்ரோ, முனையம், பெருஞ்சாலை ஆகியவற்றுக்கு மாநிலம் ஒதுக்கும் பணம் குழுமத்தின் ஒப்பம் இல்லாமல் வெளியே போகக் கூடாது என்று ஒரு விதி. ரெயில் இணைப்போ, அது வரும் வரை மாற்று வண்டி ஏற்பாடோ இல்லாமல் எந்த முனையத்தையும் திறக்கக் கூடாது என்று இன்னொரு விதி. தேர்ந்தெடுக்கப்பட்டோர் பெரும்பான்மையாக அமர வேண்டும் என்பது மூன்றாவது. நீண்ட மசோதா அல்ல. ஒரு பக்கத்தில் அடங்கும். சட்டமன்றத்தில் வைத்து வாக்கெடுக்கட்டும். எதிர்த்துக் கை தூக்குவோர் யார் யார் என்பதைக் கிளாம்பாக்கத்தில் மூட்டையோடு நின்ற மக்களும் தெரிந்து கொள்ளட்டும்.