உடல் நலம்: புண்ணில் ஒட்டும் கூழ்

ஊர் விட்டு வந்த நம்மவர் இல்லங்களில் வயிற்றோட்டம் கண்டால் முதற் பழி தண்ணீர்மீது விழும், அடுத்தது கோதுமைமீது. இரண்டொரு நாளில் நின்றுவிடுமாயின் அப்பழி பொருந்தவும் கூடும். ஆனால் வாரக்கணக்கில் நீடித்து, இரத்தமும் சளியும் கலந்து போகுமாயின் வேறு ஐயம் கொள்ள வேண்டும். மூலம் என்று தாமே முடிவு கட்டி மாதங்களைக் கழிப்போர் பலர். பெருங்குடலின் உட்சுவரைப் புண்ணாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், 1932-இல் நியூயார்க் மருத்துவர் குரோனும் அவர்தம் தோழர்களும் விவரித்த குரோன் நோய் ஆகிய இரண்டும் இவ்வகையின. பெரும்பாலும் இளமையிலேயே தலைகாட்டுவன.

இவற்றுக்கு மருந்து இல்லாமலில்லை. அதைப் புண்ணிடத்தில் சேர்ப்பதே இடர். வாய்வழி உண்ட ஸ்டீராய்டு உடலெங்கும் பரவி, முகத்தை உப்பச் செய்து, எலும்பை நலித்து, சர்க்கரையை ஏற்றும். எனிமாவாகச் செலுத்தினாலோ நெடுநேரம் தங்குவதில்லை. நோயாளி அடிக்கடி கழிப்பறைக்கு ஓடுபவராயிற்றே!

இவ்விடரைத் தீர்க்க அறிஞர் நாடியது ஹைட்ரோஜெல் என்னும் நீர்க்கூழ். ஊறிய சப்ஜா விதையைச் சூழும் வழவழப்பை எண்ணிப் பாருங்கள். நீரைப் பிடித்து வைத்திருக்கும் நுண்ணிய வலை அது. 2015-இல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதி ஆய்வாளர், உணவுப் பண்டங்கள் கெடாதிருக்கச் சேர்க்கப்படும் அஸ்கார்பில் பால்மிட்டேட்டைக் கொண்டு இத்தகைய கூழொன்றை வெளியிட்டனர். எதிர்மின்னேற்றம் உடைய அதன் இழைகள், அழற்சியுற்ற இடத்தில் திரண்டிருக்கும் நேர்மின்னேற்றப் புரதங்களைப் பற்றிக்கொள்ளும். நலமான பகுதியில் அவ்வளவாக ஒட்டா. அங்கு மிகுந்திருக்கும் நொதிகளே கூழைச் சிதைத்து மருந்தை விடுவிக்கும். நோயே தன் மருந்துக்குக் கதவு திறப்பது வேடிக்கைதான்! டெக்ஸாமெதசோன் என்னும் ஸ்டீராய்டைக் கூழில் ஏற்றி, நோயுற்ற சுண்டெலிகளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் எனிமாவாகக் கொடுத்தபோது அழற்சி தணிந்தது. குருதியில் கலந்த மருந்தின் உச்ச அளவோ, கூழின்றிக் கொடுத்ததைவிடக் குறைவாயிருந்தது.

இது சுண்டெலியில் கண்ட பயன். இல்லத்தில் நோயுற்றவர் கையில் இருப்பது மாத்திரையே. அதைப் பற்றியும் இரண்டு சொல்ல வேண்டும். நம் நாட்டில் குடற்காசநோய் குரோன் நோயைப் போலவே தோற்றம் காட்டும். காசம் இருப்பது அறியாமல் ஸ்டீராய்டு உண்டால் அது பரவும். ஆகவே மருத்துவர் குடலின் திசுவெடுத்துச் சோதிக்கச் சொன்னால், செலவை எண்ணித் தட்டிக்கழிக்க வேண்டாம். நெடுநாள் ஸ்டீராய்டு உண்டவர், முகம் உப்புகிறதே என்று அதைத் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே தீங்கு நேரலாம். அளவைப் படிப்படியாகக் குறைக்கும் முறையை மருத்துவரே வகுத்துத் தருவார்.