கட்டுவோர் கணக்கும் சபைகளின் பெட்டியும்

இங்கிலாந்தில் ஓர் உழுநிலத்தில் வீடு கட்ட அனுமதி கிடைத்ததும் அதன் விலை பல மடங்கு ஏறிவிடுகிறது. நிலச் சொந்தக்காரர் ஒரு செங்கல்லைக்கூடத் தூக்கவில்லை. விலையை ஏற்றியது சமூகம். அந்த ஏற்றத்தில் ஒரு பங்கைப் பள்ளிக்கும் பாதைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொடு என்று சமூகம் கேட்பதில் என்ன தவறு?

1947-ல் அட்லி சர்க்கார் அந்த ஏற்றத்தை நூற்றுக்கு நூறு கேட்டது. டோரிகள் 1953-ல் அதை ஒழித்தார்கள். 1967-ல் 40 சதவிகிதம் என்று மறுபடியும் ஒரு வரி வந்தது. அடுத்து வந்த டோரி சர்க்கார் அதையும் புதைத்தது. மிஞ்சியது பேரம்தான்.

1990-ம் வருஷச் சட்டத்தின் 106-வது பிரிவுப்படி ஸ்தல சபையும் கட்டுவோரும் ஒப்பந்தம் பேசுகிறார்கள். 2010 முதல், விரும்பும் சபைகள் சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று தீர்வையும் போடலாம். அதில் 15 சதவிகிதம், தன் திட்டத்தைத் தானே வகுத்துக்கொண்ட வட்டாரமானால் 25 சதவிகிதம், அந்த வட்டாரத்துக்கே போகவேண்டும். இது நல்ல விதி.

பேரத்தில்தான் சூது. "கட்டுப்படியாகாது" என்று கட்டுவோர் கணக்குக் காட்டினால் கடமை சுருங்குகிறது. விற்பனை மதிப்பில் 15 முதல் 20 சதவிகிதம் தகுந்த லாபம் என்று 2018-ல் சர்க்காரின் வழிகாட்டுதலே சொன்னது! தொழிலாளியின் கூலிக்கு இப்படி யார் உத்தரவாதம் தந்தார்கள்? லண்டன் ஸதக்கில் ஹேகேட் குடியிருப்பின் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் இடிக்கப்பட்டன. அங்கே 2013-ல் அனுமதித்த சுமார் 2,500 வீடுகளில் சமூக வாடகைக்கு நூறுகூட இல்லை. அதற்குக் காட்டிய கணக்கை வெளியிடச் சொல்ல 2014-ல் ஒரு தீர்ப்பாயம் தலையிட வேண்டியிருந்தது.

இப்படிப்பட்டவர்களின் சங்கம் 2024-ல் கூச்சலிட்டது: சபைகள் 800 கோடி பவுனைச் செலவழிக்காமல் வைத்திருக்கின்றனவாம்! இதில் உண்மை உண்டு. சபைகளுக்கு நாம் வக்காலத்து வாங்கப்போவதில்லை. புது வீட்டுக்குக் குடிவந்த குழந்தை பள்ளிக்காக வளர்ந்துகொண்டே காத்திருக்காது. ஆனால் பணம் தவணையாக வருகிறது. ஒரு பள்ளிக்கு நாலு ஒப்பந்தப் பணம் சேரவேண்டும். குறித்த காரியத்துக்கன்றி அதைத் தொடக்கூடாது. கெடு தாண்டினால் பெரும்பாலும் கட்டியவருக்கே திரும்பும். 2010-க்குப் பின் மானியங்களை வெட்டி, திட்ட ஊழியர்களைக் குறைத்தது யார்?

2020 முதல் ஒவ்வொரு டிசம்பர் 31-க்குள்ளும் சபைகள் வரவு செலவை வெளியிடவேண்டும். மொத்தத் தொகை மட்டும் போதாது என்கிறோம். எந்தத் தெருவுக்கான பணம், எந்தத் தேதியில் கெடு முடிகிறது என்றும் அச்சிடட்டும். கெடுவுக்கு ஆறு மாதம் முன்பே குடியிருப்போர் கூடி, சபை அதிகாரியை அழைத்துக் கேட்கட்டும்.