கறுப்புப் பெட்டிக்குள் முகவரி

தெமட்டகொடையில் என்னிடம் ஆலோசனைக்கு வரும் சகோதரிகள் சிலர், கடிதங்களை பீடிஎஃப் கோப்பாகவே கொண்டுவருகிறார்கள். இணையத்திலுள்ள கருவிகளில் அவற்றின் மேல் கோடிடலாம், குறிப்பெழுதலாம். நல்ல வசதிதான். ஆனால், அடிக்கும் கணவனிடமிருந்து விலகியிருக்கும் பெண் தன் புதிய முகவரியின் மேல் கறுப்புப் பெட்டி வரைந்தால், எழுத்து பெரும்பாலும் அடியில் அப்படியே இருக்கும். பெட்டியைத் தெரிவுசெய்து, பிரதியெடுத்து, வேறிடத்தில் ஒட்டினால் வெளியே வந்துவிடும். 2019 ஜனவரியில் அமெரிக்காவில் போல் மனஃபோர்ட்டின் சட்டத்தரணிகள் நீதிமன்றத்துக்குக் கொடுத்த ஆவணத்தைப் பத்திரிகையாளர்கள் இப்படித்தான் வாசித்தார்கள். படித்த சட்டத்தரணிகளுக்கே அந்தக் கதி!

ஆகவே சகோதரிகளே, முகவரியை முதலில் அழித்துவிட்டுக் கோப்பை உருவாக்குங்கள். முடியாவிட்டால் தாளில் அச்சிட்டு, மையால் அடித்து, அதைப் போட்டோப்பிரதி எடுத்து அந்தப் பிரதியை ஸ்கேன் செய்யுங்கள். இன்னொன்று: இத்தகைய கருவிகள் பலவற்றில் ஏற்றும் கோப்பு அவர்களுடைய கணினிக்கும் போகிறது. அடையாள அட்டைப் பிரதியை அங்கே ஏற்றவே வேண்டாம்.