அதே நிலம், புதிய கேள்விகள்

'த லெஜண்ட் ஆஃப் செல்டா' வரிசையில் 2017இல் வெளிவந்த 'பிரெத் ஆஃப் த வைல்ட்' விளையாட்டின் ரசிகர்கள் பலருக்கு, அதன் தொடர்ச்சியான 'டியர்ஸ் ஆஃப் த கிங்டம்' மீது ஒரு மனக்குறை உண்டு. ஆறு ஆண்டுகள் காத்திருந்தோம். 2023 மே 12ஆம் தேதி விளையாட்டு கைக்கு வந்தது. அதே ஹைரூல் நாடு, அதே மலைகள், அதே ஆறுகள், அதே நாயகன் லிங்க். மேலே வானத்தீவுகளும் கீழே இருண்ட பாதாளமும் புதியவை என்றாலும் நடுவில் இருப்பது பழைய நிலம்தான். "அரைத்த மாவையே அரைத்திருக்கிறார்கள்" என்று சிலர் சலித்துக்கொண்டார்கள்.

1998இல் வந்த 'ஒக்கரினா ஆஃப் டைம்' தொட்டு இந்த வரிசையை ஆடி வரும் எனக்கு அந்தக் கருத்தில் உடன்பாடில்லை. நிலம் மாறவில்லை, அந்த நிலத்தில் நாம் கேட்கக்கூடிய கேள்விகள் மாறியிருக்கின்றன. அறிவியலும் இப்படித்தான் வளர்கிறது. நியூட்டனுக்கு முன்பும் பின்பும் வானில் இருந்தது அதே நிலாதான்.

முதல் விளையாட்டின் சிறப்பு என்ன என்று பார்ப்போம். அதை உருவாக்கிய நிண்டெண்டோ நிறுவனத்தார், விளையாட்டுக்குள் ஒரு 'வேதியியல் இயந்திரம்' இருப்பதாக 2017இல் விளக்கினார்கள். நெருப்பு, நீர், மின்சாரம், காற்று, பனி போன்றவை ஒரு வகை. மரம், புல், உலோகம் போன்ற பொருள்கள் இன்னொரு வகை. நெருப்பு மரத்தின் நிலையை மாற்றும். நீர் நெருப்பை அணைக்கும். ஆனால் ஒரு பொருள் இன்னொரு பொருளின் நிலையைத் தானாக மாற்றாது. இப்படிச் சில விதிகள்தான். ஆனால் புல்லைக் கொளுத்தினால் சூடான காற்று மேலெழும், அந்தக் காற்றில் பாராகிளைடரை விரித்தால் லிங்க் உயரப் பறப்பான். இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விதிகளை அறிந்தவர் தானே கண்டுபிடித்துவிடலாம்.

இரண்டாம் விளையாட்டு இதற்கு மேல் ஒரு படி ஏறியது. 'அல்ட்ராஹேண்ட்' என்ற ஆற்றலைக் கொண்டு பலகை, சக்கரம், விசிறி, பலூன் என்று கண்ணில் படும் பொருள்களைத் தூக்கி ஒன்றோடொன்று ஒட்டலாம். மரக்கட்டைகளை ஒட்டினால் தெப்பம். பலூனுக்குக் கீழே நெருப்பை வைத்தால் அது உயரும். கேட்பதற்கு எளிது, ஆனால் செய்வதற்கு மிகக் கடினம். கோடிக்கணக்கானோர் எதை எதோடு ஒட்டுவார்கள் என்று முன்கூட்டியே கணிக்க முடியாதே!

இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தார்கள் என்பதை 2024இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் அவர்கள் விளக்கினார்கள். முன்பே தீட்டி வைத்த அசைவுகளைக் கைவிட்டு, கதவு, பல்சக்கரம் முதல் எல்லாமே இயற்பியல் விதிப்படி நகருமாறு மாற்றினார்களாம். ஒலியும் அப்படியே. குதிரை வண்டிக்கென்று தனி ஒலி கிடையாது. சக்கரத்தின் ஒலியும் வண்டியின் மற்றப் பாகங்களின் ஒலியும் சேரும்போது, அது நம் காதில் வண்டியாகக் கேட்கிறது. இவ்வளவும் வெறும் 4 கிகாபைட் நினைவகம் கொண்ட சுவிட்ச் கருவியில் நடக்கிறது. "புதிதாக ஒன்றுமில்லை" என்பவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாணவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? இரண்டு விசிறிகளுக்கு நடுவே ஒரு திசைமாற்றியை ஒட்டினால் பறக்கும் வண்டி தயார். ஆனால் விசிறியின் சாய்வு சற்றுப் பிசகினாலும் வண்டி மூக்கைத் தூக்கும் அல்லது குப்புறக் கவிழும். காரணம், விசிறிகளின் உந்துவிசை வண்டியின் ஈர்ப்பு மையத்துக்கு விலகிச் செயல்பட்டால் வண்டியைச் சுழற்றத் தொடங்கிவிடும். இயற்பியல் பாடத்தில் படிக்கும் அதே திருப்புவிசைதான். சாய்வை மட்டும் மாற்றிப் பார்ப்பது, பிறகு எடையை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பவர் வெற்றி பெறுவார். அமெரிக்காவின் மேரிலேண்ட் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் மாணவர்களுக்கு இயந்திர வடிவமைப்பைக் கற்பிக்க இந்த விளையாட்டைப் பயன்படுத்தியதில் வியப்பில்லை.

ஆனால் விளையாட்டு சொல்வதையெல்லாம் உண்மை என்று நம்பிவிடக் கூடாது. எவ்வளவு உயரத்திலிருந்து குதித்தாலும், தண்ணீரில் விழுந்தால் லிங்குக்கு ஒரு கீறலும் படாது. உண்மையில் வானிலிருந்து விழும் மனிதர் ஏறக்குறைய மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவார். அந்த வேகத்தில் தண்ணீர் விலகி வழிவிடுவதற்கு நேரம் இருக்காது. உயிர் பிழைப்பதே அரிது. அதேபோல், இடிமழையில் உலோக வாளை வைத்திருந்தால் லிங்க் மீது மின்னல் பாயும். வாளைக் கழற்றிவிட்டால் தப்பிக்கலாம். உண்மையில் மின்னல் எங்கே தாக்கும் என்பதை உயரமும் கூரான வடிவமும் திறந்தவெளியில் தனித்து நிற்பதும்தான் பெரிதும் தீர்மானிக்கின்றன. இடியும் மின்னலும் அடிக்கடி வரும் நம் ஊரில், கையில் உலோகம் இல்லை என்ற துணிச்சலில் திடலில் நிற்கக் கூடாது. உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

இன்னும் சில குறைகளும் உண்டு. நான்கு கோயில்களிலும் முடிவில் ஏறக்குறைய ஒரே கதையைத் திரும்பச் சொல்கிறார்கள். பாதாளம் முதலில் மிரட்டினாலும் போகப் போக ஒரே மாதிரி தெரிகிறது. எனக்கு மிகவும் உறுத்துவது வேறொன்று. மேலே சொன்ன பறக்கும் வண்டியை ஒரு முறை செய்துவிட்டால், 'ஆட்டோபில்ட்' ஆற்றலால் நினைத்த நேரத்தில் அதை மீண்டும் உருவாக்கலாம். அதன் பிறகு தெப்பம் எதற்கு, பாலம் எதற்கு, பலூன் எதற்கு? சிந்திக்கத் தூண்டும் விளையாட்டே சிந்திக்காமல் தப்பிக்கும் வழியையும் திறந்து வைத்திருக்கிறது. பலர் அந்த வண்டியையும் தாங்களாகக் கண்டுபிடிப்பதில்லை; காணொளியைப் பார்த்து அப்படியே செய்கிறார்கள்.

பள்ளி ஆய்வகத்தில் நாம் செய்யும் சோதனைகள் பலவற்றுக்கு முடிவு என்ன என்பது புத்தகத்திலேயே இருக்கும். அது வராவிட்டால், ஏன் வரவில்லை என்று ஆராய்வதற்கு நேரமும் இருப்பதில்லை. மதிப்பெண் போய்விடுமோ என்ற கவலையும் சேர்ந்துகொள்கிறது. இந்த விளையாட்டில் பாலம் உடைந்து விழுந்தால் இழப்பு ஒன்றுமில்லை. ஏன் விழுந்தது என்று யோசித்து மறுபடியும் கட்டலாம். விடை தெரியாத கேள்வியோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும் பழக்கத்தை இவ்வளவு மகிழ்ச்சியாகக் கற்றுத்தரும் விளையாட்டை நான் வேறு பார்த்ததில்லை. இந்த வரிசையில் சிறந்ததாக இதைச் சொல்வதும் அதனால்தான்.

எனவே, இதை ஆடப் போகும் மாணவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு ஆடுங்கள் என்று பெற்றோரே சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல வேண்டியதில்லை. வழி தெரியாமல் சிக்கிக்கொண்டால் உடனே காணொளியைத் தேடாதீர்கள். அரை மணி நேரமாவது நீங்களே முயன்று பாருங்கள். உங்கள் வண்டி கோணல்மாணலாக இருக்கலாம், பாதி வழியில் கவிழவும் செய்யலாம். ஆனால் அது ஏன் கவிழ்ந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.