கோலாப் குடும்பமும் நம் குடும்பங்களும்

கல்லூரி மலர்களிலே மிஷனெரிமாரைக் குறித்த கட்டுரைகள் வெளிவருதல் வழக்கம். அவை பெரும்பாலும் ஒரே போக்கின. ஐயர் ஒருவர் கப்பலேறினார், தமிழ் கற்றார், ஆலயம் எடுத்தார், பள்ளி நிறுவினார், நம் மண்ணிலே துயில்கொண்டார் என்று முடியும். அவரோடு கப்பலேறிய மனைவியார் யாது நினைந்தார், இங்கே பிறந்த குழந்தைகள் எந்நாட்டைத் தம் நாடெனக் கொண்டனர் என்று வினவுவார் அரியர். யானும் அண்மைக்காலம் வரை வினவினேனல்லேன். பாலக்கரையிலுள்ள எம் இல்லத்தில் நிகழ்ந்த ஓர் உரையாடலே என்னை அவ்வினாக்களின்பால் திருப்பிற்று. அதனைப் பின்னர்க் கூறுவேன். நம் திருச்சிராப்பள்ளிச் சீமையோடு தொடர்புடைய ஒரு குடும்பத்தின் வரலாற்றை முதற்கண் சுருங்க உரைக்க விரும்புகிறேன்.

1706ஆம் ஆண்டிலே சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தொடங்கிய ஊழியத்தை யாவரும் அறிவர். அவ்வூழியத்தைத் தொடர்ந்து நடத்த 1737ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்தினின்றும் வந்தவர் யோவான் பல்தசார் கோலாப் ஐயர் என்பவர். அவர் ஐம்பத்து மூன்று ஆண்டுகள் இந்நாட்டிலே உழைத்து 1790இல் மறைந்தார். அவர் மகனார் யோவான் காஸ்பர் கோலாப் 1762இல் தரங்கம்பாடியிலே பிறந்தார். 1787ஆம் ஆண்டில், தந்தையார் ஊழியத்திற்கு வந்து ஐம்பது ஆண்டு நிறைந்த வேளையில், மகனார் தரங்கம்பாடியிலே குருப்பட்டம் பெற்றார். ஐம்பதாண்டு சுமந்த தோளிலிருந்து அச்சுமை இளந்தோளுக்கு மாறிய நாள் அது. அம்மகனார் ஐம்பத்தேழு ஆண்டுகள் பணியாற்றி 1844இல் இறைவனடி சேர்ந்தார். அவர் மகனார் கிறிஸ்தியான் சாமுவேல் கோலாப் ஐயர், கொள்ளிடத்திற்கு வடக்கே, சமயபுரத்திற்கு அணித்தாய இருங்களூரிலே தங்கி ஊழியம் புரிந்து 1881இல் காலமானார். 1737 முதல் 1881 வரை நூற்று நாற்பத்து நான்கு ஆண்டுகள்! தந்தை, மகன், பேரன் என மூன்று தலைமுறை!

ஹீபர் அத்தியட்சரின் பெயரை நம் நகரத்தார் அனைவரும் அறிவர். 1826ஆம் ஆண்டு உயிர்த்தெழுந்த திருநாளைத் தஞ்சையிலே கோலாப் ஐயரோடு கொண்டாடிய அவர், ஏப்ரல் முதல் நாள் திருச்சிராப்பள்ளிக்கு வந்தார். மூன்றாம் நாள் நீராடச் சென்றவிடத்து உயிர் துறந்தார். அவர்தம் கல்லறை நம் தூய யோவான் ஆலயத்தில் உள்ளது. தமிழிலே ஆசீர்வாதம் கூறக் கற்றுக்கொண்டு வந்த அப்பெரியாரின் அன்பை யான் குறைத்துரைக்கவில்லை. ஆயினும், இந்நகரிலே மூன்று நாள் தங்கிய விருந்தினரின் பெயர் நிலைத்தது. அவரை எதிர்கொண்டவரின் குடும்பம் இச்சீமையிலே மூன்று தலைமுறை தங்கியும் அதன் பெயர் நம் மாணவரிற் பலர் அறியாததாயிற்று. நெடுநாள் உடனிருப்பவரை ஒருவரும் விருந்தினரெனக் கருதுவதில்லை. உரியவராகிவிட்ட பின்னர் அவர் பேசப்படுவதும் குறைகின்றது.

காஸ்பர் கோலாப் வளர்ந்த வகையும் அறியத்தக்கது. அவரை இளமையிலேயே மகன்போல ஏற்று வளர்த்தவர் சுவார்ட்ஸ் ஐயர். நம் மலைக்கோட்டையின் அடியில், தெப்பக்குளத்தருகே, 1766ஆம் ஆண்டிற் கிறிஸ்து ஆலயத்தை எடுப்பித்தவர் அவரே. சுவார்ட்ஸ் ஐயர் மணம் புரிந்தவரல்லர், ஆயினும் மக்களற்றவரல்லர். கோலாப் மட்டுமன்றி, பின்னாளில் கவிஞராய் விளங்கிய வேதநாயக சாஸ்திரியாரும், தஞ்சை அரசுரிமை எய்திய சரபோசி மன்னரும் அவர்தம் பாதுகாப்பில் வளர்ந்தவர்கள். ஜெர்மானியர் ஒருவரின் நிழலிலே ஜெர்மானியப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் மராட்டிய இளவரசரும் கல்வி பெற்றனர் என்பது வியப்பன்றோ! அந்நிழலிலே வளர்ந்த கோலாப்பிற்குத் தமிழ் நூலிற் கற்ற மொழியாக இருந்திராது. தெருவிலும் முற்றத்திலும் கேட்ட மொழியாகவே இருந்திருக்கும்.

குடும்பமாய் ஊழியஞ் செய்தாரின் சிறப்பு இங்கேதான் விளங்குகின்றது. துறவியர் தம்மையே கொடுக்கின்றனர். இல்லறத்தாரோ தம் மக்களையும் சேர்த்துக் கொடுக்கின்றனர். அம்மக்களைக் கேட்டா கொடுக்கின்றனர்? கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்ததை நம் தமிழ் வகுப்பில் அறியாதார் இலர். அவர் மனைவியார் எலைசா அம்மையார் நாகர்கோயில் மிஷனெரியாகிய மால்ட் ஐயரின் மகளார்; இடையன்குடியிலே பெண்மக்களின் கல்விக்கு உழைத்தவர். அவரைக் குறித்து நாம் எத்துணைப் பக்கம் எழுதியுள்ளோம்? வேலூர் மருத்துவமனையைக் கண்ட ஐடா ஸ்கடர் அம்மையார் 1870இல் இராணிப்பேட்டையிலே பிறந்தவர். அவர்தம் பாட்டனார் 1819இலேயே இலங்கைக்கு வந்த மருத்துவ மிஷனெரி. ஆயினும் பெற்றோர் இந்தியா மீள, இளம்பெண்ணாகிய அவர் அமெரிக்காவில் விடப்பட்டார். இந்தியாவிற்கு ஊழியராய் வருவதில்லை என்றே அவர் முதலில் எண்ணியிருந்தார். பெற்றோரின் ஊழியத்திற்குப் பிள்ளைகள் செலுத்திய விலையை இது காட்டும். அவ்விலையைக் கணக்கிடாமல் ஊழியத்தை மட்டும் புகழ்தல் அரைப் புகழ்ச்சியேயாகும்.

இனி, எம் இல்லத்தில் நிகழ்ந்ததைக் கூறுவேன். என் தமக்கையார் செவிலியர் பணி கற்றவர். ஜெர்மனி தேசத்து மருத்துவமனை ஒன்றில் அவருக்குப் பணி கிடைத்துள்ளது. கணவரோடும் மூன்று வயதுப் பெண்மகவோடும் விரைவிற் புறப்பட இருக்கின்றார். ஒருநாள் மாலை, யான் கோலாப் குடும்பத்தைக் குறித்து எழுதத் தொடங்கியதை வீட்டாருக்குப் படித்துக்காட்டினேன். ஜெர்மானியர் பிள்ளை தமிழ்ப் பிள்ளையாய் மாறிய பகுதியை மிக்க பெருமிதத்தோடு படித்தேன். கேட்டிருந்த எம் அன்னையார் பெருமூச்செறிந்து, “அவர்கள் பிள்ளை நம் தமிழைப் பேசிற்று, நம் பிள்ளை நம் தமிழை மறந்துவிடுமே” என்றார். யானும், “ஆம் அக்கா, குழந்தை தமிழை மறப்பின் அது பெரும்பிழை” என்றேன். தமக்கையார் சிறிது நேரம் பேசாதிருந்து, “தம்பி, அவர் பிள்ளை தமிழ்ப் பிள்ளையானால் உனக்குப் பெருமை, என் பிள்ளை ஜெர்மானியப் பிள்ளையானால் மட்டும் பிழையா?” என்று கேட்டார். எனக்கு விடை தோன்றவில்லை. எழுதிய தாள்களை மடித்து வைத்துவிட்டேன்.

பன்னாள் எண்ணிய பின்னர் எனக்குத் தோன்றிய விடையை ஈண்டு அன்பர்முன் வைக்கின்றேன்.

“மிஷனெரிமார் கொடுக்க வந்தவர், நம்மவர் பொருளீட்டச் செல்பவர், இரண்டையும் ஒப்பிடலாகாது” என்று சிலர் கூறுவர். இக்கூற்று முழுதும் பொருந்தாது. நோயுற்ற முதியோரைத் தூக்கி அமர்த்தி, உடல் துடைத்து, மருந்தூட்டும் பணி ஊதியம் பெறுவதனால் ஊழியம் அல்லாததாகிவிடாது. மிஷனெரிமாரும் சங்கத்தாரிடம் ஊதியம் பெற்றே வாழ்ந்தனர். அன்றியும், அவர்க்குத் தரங்கம்பாடியிலே டேனிய அரசின் நிழல் இருந்தது. பிற்காலத்தே கம்பெனியாரின் நிழல் இருந்தது. 1779இல் சுவார்ட்ஸ் ஐயரே கம்பெனியாரின் பொருட்டு ஐதர் அலியிடம் தூது சென்றார். என் தமக்கையார்க்கு அத்தகைய நிழல் யாதுமில்லை. அந்நாட்டார் மொழியிலே தேர்வு எழுதித் தேறி, அந்நாட்டார் சட்டத்திற்கு அடங்கி, தனியராய்ச் செல்கின்றார். ஆளும் இனத்தாரின் சார்பில் வருவார்க்கு எளியவை பல, வேலைக்குச் செல்வார்க்கு அரியவாம்.

ஆதலின் ஒப்பிடலாம். ஒப்பிட்டாற் பெறப்படுவது யாது? தமிழ்நாட்டிற்கு வந்தவர் தமிழராதலை நாம் போற்றுவோமாயின், பிறநாடு புகுந்த நம் மக்கள் அந்நாட்டிற்கு உரியராதலையும் போற்றுதல் வேண்டும். பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு வாழ்பவன் எந்நாட்டிற்கும் முழுமனத்தோடு பணிசெய்ய இயலாது. அண்டை வீட்டாரின் மொழியிலே அழவும் சிரிக்கவும் அறியாத குழந்தை, அவ்வூரிலே என்றும் விருந்தாளியாகவே நிற்கும். அத்தனிமையை, நம் பெருமையின் பொருட்டு, ஒரு சிறு குழந்தையின்மீது சுமத்துதல் அறமாகுமா?

எனினும், உரியராதலிலும் ஓர் இடர் உண்டு. அதனையும் கோலாப் வரலாறே கற்பிக்கின்றது. அந்நாளைத் தஞ்சைச் சபைகளிலே சாதி வேற்றுமை நிலவிற்று. ஆலயத்துள்ளும் வெவ்வேறிடத்து அமரும் வழக்கம் இருந்தது. பழைய மிஷனெரிமார் அது நாளடைவில் ஒழியும் என்று பொறுத்திருந்தனர். கோலாப் ஐயரும் பொறுத்தவரே. உடன் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியாரோ அவ்வழக்கத்திற்காக வாதாடினார். 1833இல் வில்சன் அத்தியட்சர் சாதி வேற்றுமை சபையினின்றும் அறவே நீங்குதல் வேண்டுமென ஆணையிட்டபோது, தஞ்சைச் சபை கலங்கிற்று, பலர் விலகினர். வெளியினின்று வந்த ஒருவர் கண்ணுக்கு உடனே புலப்பட்ட குற்றம், இங்கேயே பிறந்து வளர்ந்தவர் கண்ணுக்குப் பழகிப்போயிருந்தது. நாட்டிற்கு உரியவராயினார், நாட்டின் பிழையையும் பொறுப்பவராயினார். கிறிஸ்தவராகிய நாம் இப்பகுதியை மறைத்து எழுதுதல் தகாது. அவ்வேற்றுமையின் எச்சம் நம்மிடையே இன்றும் இல்லையென்று நெஞ்சில் கைவைத்துக் கூறவல்லார் யார்?

எனவே, பிறநாடு செல்லும் நம் குடும்பங்களுக்கு யான் கூறத் துணிவது இது: சென்ற நாட்டை முழுமனத்தோடு நேசியுங்கள், அந்நாட்டார் துயரை உங்கள் துயராகக் கொள்ளுங்கள், உங்கள் பிள்ளைகள் அந்நாட்டுப் பிள்ளைகளாதலைக் கண்டு அஞ்சாதீர்கள். ஆயினும், புதியவராய் வந்திறங்கிய நாளிலே கண்ணிற் பட்ட பிழைகளை, பழகிய பின்னரும் பிழையென்றே காணும் கண்ணை இழந்துவிடாதீர்கள். இங்கே எஞ்சியிருக்கும் எம்மனோர்க்கும் ஒரு கடமை உண்டு. தமிழைக் கடனாகக் கொடுத்து, ஆண்டுதோறும் வட்டி கேட்கும் வணிகரைப்போல் நடவாதிருத்தலே அது. தமிழை அக்குழந்தைகளுக்குப் பாட்டியார் கொடுக்கும் அணிகலன்போலக் கொடுப்போம். அணிதலும் பேழையில் வைத்தலும் அவர்தம் விருப்பம். கொடாமலிருத்தல் மட்டுமே நம் குற்றமாகும்.

மடித்து வைத்த தாள்களை மீண்டும் விரித்து இக்கட்டுரையை முடித்தபின், தமக்கையாரிடம் படித்துக்காட்டினேன். அவர் கேட்டு முடித்து, “சரி தம்பி, அணிகலனை எப்பொழுது கொடுக்கப்போகிறாய்?” என்றார். அன்று தொட்டு நாள்தோறும் மாலையில் குழந்தையை மடியிலிருத்தி உயிரெழுத்துக்களைச் சொல்லிக்கொடுத்து வருகின்றேன். புறப்படுமுன் பன்னிரண்டும் முடிந்துவிடும் என்று நம்புகிறேன். வரும் ஞாயிறன்று அவர்களைத் தெப்பக்குளத்தருகேயுள்ள கிறிஸ்து ஆலயத்திற்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன். பிறந்த நாட்டை விட்டு வந்து நம்மோடு தங்கியவர் எடுப்பித்த ஆலயத்திலே, நம்மை விட்டுப் பிறநாடு செல்வார்க்காக மன்றாடுதல் பொருத்தமுடையதென்றே கருதுகிறேன். ஆண்டவர் அவர்களைச் சென்றவிடத்திற்கு உரியவராக்குவாராக.

— தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவன் ஒருவன்