இருபத்தாறாவது எபிசோட்

‘பெர்செர்க்’ அனிமேவின் இருபத்தைந்தாவது எபிசோட் முடிந்தபோது விடிகாலை மூன்று மணி. ஹாஸ்டல் அறை, நண்பனின் லேப்டாப். கட்ஸ் ஒரு கண்ணை இழக்கிறான். மிச்சமிருக்கும் கண்ணால், தான் நேசித்த கிரிஃபித் காஸ்காவுக்குச் செய்யும் கொடுமையைப் பார்க்கிறான். திரை இருண்டுவிட்டது. ஃபைலில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, தூங்கிக்கொண்டிருந்தவனை உலுக்கி எழுப்பினேன்.

“டேய், இருபத்தாறு எங்கடா?”

“இல்ல மச்சி. அவ்வளவுதான்.”

1997 அக்டோபரில் தொடங்கி அடுத்த மார்ச்சில் முடிந்த தொடர் அது. முடிந்தது என்பதைவிட நின்றது என்பதே சரி. அன்றைக்கு இரவே ஒரு நோட்டில் பன்னிரண்டு பக்கத்துக்கு நானே ஒரு முடிவை எழுதினேன். கட்ஸ் கிரிஃபித்தைக் கொல்கிறான், காஸ்கா குணமாகிறாள், ஒரு மலையடிவாரத்தில் இருவருக்கும் ஒரு வீடு. எழுதி முடித்த பிறகுதான் தூக்கம் வந்தது.

அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. அதை நான் ஏன் வெறுக்கிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் இரண்டு தரப்போடு எனக்குச் சண்டை பாக்கியிருக்கிறது.

முதல் தரப்பு, நம் இலக்கிய நண்பர்கள். அனிமே பாதியில் நிற்கிறது என்று புலம்பினால் ஒரு ஞானப் புன்னகையோடு வருவார்கள். “முடிவின்மைதான்ப்பா அழகு. வாழ்க்கைக்கு என்ன முடிவு இருக்கு?” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அனிமே எப்படித் தயாராகிறது என்று தெரிந்தவர் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். ஜப்பானில் பெரும்பாலான தொடர்களுக்குப் பணம் போடுவது ஒரு தயாரிப்புக் குழு. பதிப்பகம், தொலைக்காட்சி, இசை நிறுவனம், பொம்மை விற்கிறவர் எல்லாம் கூட்டாகச் சேர்ந்து போடும் முதல். படத்தை வரைகிற ஸ்டூடியோவுக்குப் பல சமயம் உரிமையில் பங்கே கிடையாது. பன்னிரண்டு, பதிமூன்று எபிசோட்கள் காட்டுவார்கள். மூலப் புத்தகம் விற்றால் விளம்பரத்தின் வேலை முடிந்தது. 2014இல் பன்னிரண்டு எபிசோட்களோடு நின்ற ‘நோ கேம் நோ லைஃப்’ தொடருக்கு இரண்டாவது சீசன் இன்றுவரை வரவில்லை. 2017இல் ஒரு திரைப்படம் வந்தது, அதுவும் முன்கதை. இதில் எங்கே இருக்கிறது தத்துவம்? கலைஞர் திறந்து வைத்த கதவும் கணக்கெழுதுகிறவர் பூட்டாமல் போன கதவும் ஒன்றல்ல. இரண்டாவதைப் பார்த்து மெய்சிலிர்ப்பதற்குப் பெயர் ரசனை இல்லை, ஏமாளித்தனம்.

ஆகவே முடிவை நாமே கற்பனை செய்து பார்ப்பதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று யாரும் சொல்ல வேண்டாம். கதையைச் சரக்காகப் பார்த்தவர்கள் விட்டுப்போன இடத்தில், அதைக் கதையாகப் பார்த்தவர்கள் செய்கிற வேலை அது.

இரண்டாவது தரப்பு நாம்தான், ரசிகர்கள். இங்கேதான் எனக்குக் கோபம் அதிகம்.

தயாரிப்புக் குழுவின் முகம் நமக்குத் தெரியாது, அதனால் அதைத் திட்ட முடிவதில்லை. முகம் தெரிந்த ஓர் ஆள் இருக்கிறார்: மாங்கா வரைகிறவர். எல்லாவற்றையும் அவர் தலையில் கொட்டுகிறோம். ‘நானா’ அனிமே 2007இல் நாற்பத்தேழு எபிசோட்களோடு நின்றது. அதன் மூலமான மாங்காவை வரைந்த ஐ யசாவா உடல்நலம் குன்றி 2009இல் நிறுத்தினார். ‘ஹண்டர் × ஹண்டர்’ அனிமே 2014இல் 148 எபிசோட்களோடு நின்றது. அதை வரைகிற யோஷிஹிரோ தொகாஷிக்கு முதுகுவலி. இரண்டு ஆண்டுகள் நாற்காலியில் உட்காரவே முடியவில்லை, வழக்கமான முறையில் வரைவதைக் கைவிட்ட பிறகுதான் திரும்பி வர முடிந்தது என்று அவரே 2022இல் எழுதினார். உட்கார முடியாத ஒரு மனிதரைப் பற்றி நம் ஆட்கள் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள்? வீடியோ கேம் ஆடிக்கொண்டு ஊரை ஏமாற்றுகிறார் என்று மீம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் இரண்டு மூன்றைப் பகிர்ந்தேன். சிரிப்பாகத்தான் இருந்தது.

இந்த மனநிலைக்கு அனிமே உலகத்திலேயே ஒரு பெயர் இருக்கிறது: சமப் பரிமாற்றம். ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒன்றைப் பெற வேண்டுமானால் அதே மதிப்புள்ள இன்னொன்றைக் கொடுக்க வேண்டும். நம் வாதமும் இதுதான். பத்து வருஷம் கொடுத்தேன், தூக்கத்தைக் கொடுத்தேன், ஆகவே எனக்கு ஒரு திருப்தியான முடிவைக் கொடு.

2003இல் அந்தத் தொடர் தொடங்கியபோது ஹிரோமு அரகாவாவின் மாங்கா பாதியைக்கூடத் தாண்டவில்லை. அது முடிந்தது 2010இல். ஐம்பத்தொரு எபிசோட்களுக்குள் கதையை முடித்தாக வேண்டிய கட்டாயம். அரகாவாவின் சம்மதத்தோடு இயக்குநர் செய்ஜி மிசுஷிமாவும் எழுத்தாளர் ஷோ அய்காவாவும் தங்கள் வழியில் ஒரு முடிவைக் கற்பனை செய்தார்கள். நாம் நோட்டில் செய்ததை அவர்கள் தொலைக்காட்சியில் செய்தார்கள், அவ்வளவுதான். அதில் அல்ஃபோன்ஸுக்கு உடல் திரும்பக் கிடைக்கிறது, ஆனால் அண்ணனோடு அலைந்த அத்தனை வருஷ நினைவும் போய்விடுகிறது. எட்வர்ட் நம் உலகத்துக்குள், முதல் உலகப்போருக்குப் பிந்தைய ஜெர்மனிக்குள் வந்து விழுகிறான். தம்பி அங்கே, அண்ணன் இங்கே. சமப் பரிமாற்றம் என்பதே முழு உண்மையில்லை, கொடுத்ததற்குச் சமமாகத் திரும்பக் கிடைக்கும் என்று இந்த உலகம் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை என்பதுதான் அந்த முடிவின் சாரம்.

அன்றைக்கும் அதைத் திட்டினார்கள், இன்றைக்கும் திட்டுகிறார்கள். பின்னால் வந்த ‘பிரதர்ஹுட்’ மாங்காவின் முடிவை அப்படியே கொடுத்தது, எல்லா முடிச்சும் அழகாக அவிழ்ந்தது. எனக்கும் பிடிக்கும். ஆனால் தூக்கம் வராத இரவில் நினைவுக்கு வருவது முதல் முடிவுதான். ஒரு கதைக்கு முடிவு எழுதுகிறவர் முதலில் கேட்க வேண்டியது ரசிகனுக்கு என்ன பாக்கி என்பதை அல்ல, கதை எழுப்பிய கேள்விக்கு என்ன பதில் என்பதை. மிசுஷிமாவும் அய்காவாவும் அந்தக் கேள்வியிலிருந்து தப்பி ஓடவில்லை.

கெந்தாரோ மியுரா 2021 மே 6 அன்று இறந்தார். வயது ஐம்பத்து நான்கு. 1989இல் பத்திரிகையில் தொடராக வரத் தொடங்கிய ‘பெர்செர்க்’ மாங்கா முடியவே இல்லை. ஒரு வருஷம் கழித்து அவருடைய உதவியாளர்கள் தொடர்ந்து வரைய முன்வந்தார்கள். மேற்பார்வைக்கு வந்தவர் பள்ளிக்கால நண்பர் கோஜி மோரி. ஏறக்குறைய முப்பது வருஷத்துக்கு முன்பே கடைசிவரைக்கும் கதையை மியுரா அவரிடம் சொல்லியிருந்தாராம். மோரி ஓர் உறுதி கொடுத்தார்: மியுரா தன்னிடம் சொன்னதை மட்டுமே எழுதுவேன், சரியாக நினைவில்லாததை எழுத மாட்டேன், தானாக எதையும் சேர்க்க மாட்டேன். அவரும் கதை எழுதி வரைகிறவர்தான். இட்டு நிரப்பத் தெரியாதவர் இல்லை. தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டார். நண்பனுக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றுகிறவர் அப்படித்தான் எழுத முடியும். நமக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, என்ன வேண்டுமானாலும் கற்பனை செய்யலாம். ஆனால் அந்த மரியாதையில் ஒரு துளியாவது வேண்டாமா?

மியுரா இறந்த செய்தி வந்த வாரம் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். பன்னிரண்டு பக்கம். சண்டை ஐந்து பக்கம். கிரிஃபித்தின் சாவு மட்டும் இரண்டு பக்கம், நல்ல விவரமாக. பிறகு மலை, வீடு, சூரிய உதயம்.

காஸ்கா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

ஒரு படையை நடத்தியவள். அந்தக் கதையில் மிக மோசமான அநியாயம் நேர்ந்தது அவளுக்கு. நான் எழுதிய ‘திருப்தியான’ முடிவில் அவள் கட்ஸுக்குக் கிடைத்த பரிசு. குணமானாள் என்று நான் ஒரு வரி எழுதினேன், அவள் குணமாகிவிட்டாள். பழிவாங்கியது யாருக்காக என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை. அது எனக்குத் தூக்கம் வருவதற்காக எழுதிய முடிவு.

கற்பனை செய்யுங்கள். நின்றுபோன ஒவ்வொரு தொடருக்கும் ஒரு முடிவு எழுதுங்கள். யார் அனுமதியும் தேவையில்லை. எழுதியதும் ஒருமுறை திரும்பிப் படியுங்கள். உங்கள் திருப்திக்காக அதில் யாருடைய வாயை அடைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

நான் இப்போது வேறொன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். காஸ்கா பேசத் தொடங்குகிறாள். இன்னும் முடியவில்லை.